எம்டனின் நான்காவது புகைபோக்கி

புதுச்சேரியின் வீராம்பட்டினத்துக் கரையில் நிற்கும் பெரியவர்களுக்கு, தூரத்தில் புள்ளியாகத் தெரியும் படகு யாருடையது என்று சொல்லப் பதிவு எண் தேவையில்லை. அணியம் தூக்கியிருக்கும் விதமும் கொடியின் நிறமும் போதும். கடலில் உருவம்தான் முகவரி. முதல் உலகப் போர் மூண்ட 1914இல் போர்க்கப்பல்களுக்கும் அப்படித்தான். கண்காணிப்பவர்கள் முதலில் புகைபோக்கிகளை எண்ணுவார்கள். எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பலுக்கு மூன்று. அதைத் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் சிலவற்றுக்கு நான்கு.

நான்காவதைச் செய்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் எம்டனின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே. முதலில் மேல்தளத்தில் விரிக்கும் துணியை எடுத்து உயரே கட்டித் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அசல் புகைபோக்கி. எதிரே வந்து பார்த்தால் தட்டையான துணி. பிறகு மரச்சட்டம் அடித்து, பாய்த்துணி சுற்றி, எந்தப் பக்கம் பார்த்தாலும் உருளையாகத் தெரியும்படி செய்தார்கள். வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கி மடக்கிவிடலாம். பிரிட்டிஷ் கப்பலான யார்மத் போலத் தோன்ற வேண்டும் என்பதே கணக்கு. இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. கடற்போர் மரபில் வேஷம் போடலாம். சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கெரில்லாப் போர் என்றால் காடும் மலையும்தான் நினைவுக்கு வரும். எம்டன் அதைக் கடலில் நடத்தியது. தனிக் கப்பல், ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. பிடித்த கப்பலிலிருந்து நிலக்கரி எடுத்து அடுத்த கப்பலைப் பிடித்தது. செப்டம்பர் 10 அன்று பிடிபட்ட இண்டஸ் என்ற கப்பலில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய புதையல் சோப்பு. மாலுமிகளின் கையிருப்பு தீர்ந்துபோயிருந்த நேரம் அது.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒன்பதரை மணி வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு பட்டயம் இருக்கிறது. பிறகு எம்டன் வடக்கே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, விளக்கணைத்துத் தெற்கே திரும்பி, இந்தக் கடலோரத்தைத் தாண்டி இலங்கைப் பக்கம் போனது.

துணிப் புகைபோக்கிக்குப் பெரிய மேடை பினாங்கில்தான் கிடைத்தது. அக்டோபர் 28 விடியற்காலை, நான்கு புகைபோக்கிகளோடு துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பலை யாரும் தடுக்கவில்லை. ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பல் நங்கூரமிட்டுக் கிடந்தது; அதன் கேப்டன் கரையில் இருந்தார். ஜெர்மானியக் கொடி ஏறியது, டார்பீடோ பாய்ந்தது, 89 ரஷ்யர்கள் செத்தார்கள். வெளியே வரும் வழியில் முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, நீரில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டு, பிறகு ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரைக் கனவான் என்று எதிரிப் பத்திரிகைகளே புகழ்ந்தது இதற்காகத்தான். புகழட்டும், அந்த 89 பேரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தில் வித்தை பலிக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் நான்காவது புகைபோக்கி துணி என்பதைக் கண்டுகொண்டு, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று உடனே செய்தி தட்டிவிட்டார்கள். அருகே படைக் கப்பல்களுக்குக் காவலாக வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டனின் அசல் புகைபோக்கிகள் மூன்றும் சாய்ந்தன. கப்பலை முல்லர் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். நூற்று முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

கப்பல் ஒழிந்தது. ஆனால் நாம் அதற்கு ஐந்தாவதாக ஒரு புகைபோக்கியைப் பொருத்திவிட்டோம். திருவனந்தபுரத்தில் பிறந்த புரட்சிக்காரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையைச் சுடச் சொன்னதே அவர்தான் என்ற கதை அது. நெஞ்சு நிமிர்த்திச் சொல்லப்படும் கதை. மேடையில் கைதட்டல் நிச்சயம். ஆனால் எம்டன் ஜூலை 31 அன்று சீனக் கரையின் சிங்தாவோவை விட்டுக் கிளம்பிய கப்பல். ஐரோப்பாவுக்கு அது திரும்பவேயில்லை. அதே செப்டம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். அடுத்து பெர்லின் போனார். நடுக்கடலில் ஓடும் கப்பலில் அவர் ஏற வழியே இல்லை. எதிரி நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து கடிதமும் துண்டறிக்கையும் எழுதி ஆதரவு திரட்டியது மட்டமான வேலையா என்ன? நமக்குத்தான் பீரங்கிச் சத்தம் இல்லாவிட்டால் வீரம் தெரிவதில்லை.

எம்டன் குண்டின் பழி உண்மையில் வந்து விழுந்த இடம் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. இங்கே அடைக்கலம் புகுந்திருந்த இந்தியப் புரட்சிக்காரர்களுக்கும் சென்னைத் தாக்குதலுக்கும் தொடர்பு உண்டென்று பிரிட்டிஷ் அரசு சொன்னது, வ.வே.சு. ஐயர் முதலானோரை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்துமாறு பிரெஞ்சு ஆளுநரை நெருக்கியது. போரில் இரு அரசுகளும் ஒரே அணி. அடைக்கலம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாத நிலை. வழக்குகள் போடப்பட்டன, நிற்கவில்லை. துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் என்று பெயரெடுத்த ஐயர் அந்தப் போர்க்காலத்தில் உட்கார்ந்து முடித்த காரியம் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1916இல் வெளிவந்தது.

செண்பகராமன் 1934இல் பெர்லினில் இறந்தார். அவருடைய சாம்பலை மனைவி லட்சுமிபாய் முப்பது வருடங்களுக்கு மேல் காத்துவைத்திருந்தார். 1966இல் அது கொச்சிக்கு வந்து சேர்ந்தது, நிஜமாகவே ஒரு போர்க்கப்பலில். ஐ.என்.எஸ். டெல்லி என்ற அந்தக் கப்பலுக்குப் பழைய பெயர் அக்கிலீஸ். எம்டனைப் போலவே வணிகக் கப்பல்களை வேட்டையாடித் திரிந்த கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மானியக் கப்பலை 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையோரம் மடக்கியவற்றில் அதுவும் ஒன்று.