இட்லி மாவு கடைச்சரக்கான வரலாறு

தென்னிந்தியச் சமையலில் ஈரமாவு என்று வழங்குவது, ஊறவைத்த புழுங்கலரிசியையும் உளுந்தையும் தனித்தனியே கல்லில் ஆட்டி, உப்புச் சேர்த்துக் கரைத்து, ஓர் இரவு புளிக்க வைத்து எடுக்கும் கலவையாகும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை இது வீட்டிலேயே உண்டாகி வீட்டிலேயே தீர்ந்த பொருளாக இருந்தது. கூலிக்கு ஆள் வைத்துக்கொண்ட வசதியான வீடுகளை விட்டுவிட்டால், இதற்கான உழைப்பு முழுவதும் பெண்களின் கணக்கில் வராத உழைப்பே. குழியுள்ள கல்லில் குழவியை ஒரு கையால் சுழற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டபடி, உளுந்து பந்தாகப் பொங்கி வரும்வரை நீர் தெளித்து ஆட்டுவதற்குத் தோள்வலிமையோடு பொழுதும் வேண்டியிருந்தது. இவ்விரண்டில் தோள்வலியைத் தீர்த்தது பொறி. பொழுதின் தட்டுப்பாட்டைத் தீர்த்தது வணிகம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி இருந்தது என்பதே இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி.

பொறி கோயம்புத்தூரில் பிறந்தது தற்செயலன்று. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் அப்பகுதியில் பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்கு வேண்டிய வார்ப்பட வேலையும் மோட்டார்த் தொழிலும் உடன் வளர்ந்தன, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தனர். மோட்டாரும் பட்டறையும் கல்தச்சரும் ஒரே வட்டாரத்தில் கிடைத்த இச்சூழலில், 1955இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்விசையால் இயக்கிக் காட்டியதாகத் தொழில் வட்டாரத்தில் ஏற்கப்பட்டுள்ளது. பழைய முறையில் கல் நிலைத்திருக்கக் குழவி சுழலும்; கிரைண்டரிலோ கல் பதித்த பாத்திரம் சுழல, குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். உணவகங்களுக்கு ஏற்ற பெரும் பொறியாக இருந்த இது, சாய்க்கும் வகையாகவும் பின்னர் மேடைமேல் வைக்கும் சிறுவகையாகவும் சுருங்கி வீடுகளுக்குள் நுழைந்தது. கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மிக்சியால் இதன் இடத்தைப் பிடிக்க இயலாமற்போனதற்குக் காரணம் எளிது: மிக்சியின் தகடு விரைந்து சுழன்று மாவைச் சூடேற்றுகிறது, கல்லோ மெல்ல ஆட்டி, மாவைக் குளிர்ச்சியாக வைத்துக் காற்றையும் உள்ளே சேர்க்கிறது.

பொழுதையும் மிச்சப்படுத்தும் முயற்சி முதலில் வேறு திசையிலிருந்து வந்தது. 1924இல் பெங்களூரில் தொடங்கிய மாவல்லி டிஃபன் ரூம்ஸ் என்னும் எம்.டி.ஆர்., 1975இன் நெருக்கடிநிலைக் காலத்து விலைக் கட்டுப்பாட்டால் உணவகத்தை நடத்த இயலாமல், நீர் ஊற்றிக் கரைத்தால் போதுமென்ற உலர்மாவுக் கலவைகளின் பக்கம் திரும்பியது. இரவா இட்லிக்கும் குலாப் ஜாமூனுக்கும் இக்கலவைகளை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் அன்றாட இட்லிக்கு மட்டும் இவற்றை நாடவில்லை. காரணம் சிக்கனம் மட்டுமன்று. உலர்கலவை உழைப்போடு சேர்த்துப் புளிப்பையும் நீக்கிவிட்டது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிரிகள் இரவு முழுதும் வேலை செய்து தரும் சுவையைச் சமையற்சோடாவால் தர இயலாது. ஆட்டும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க இசைந்த குடும்பம், சுவையை ஒப்படைக்க இசையவில்லை.

இந்த நுட்பத்தை முதலில் புரிந்துகொண்டவை பெருநிறுவனங்கள் அல்ல, தெருமுனைக் கடைகளே. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளும், மாவாட்ட இடமில்லாத சிறு குடித்தனங்களும் நகரங்களில் பெருகியபோது, வீட்டிலிருந்த கிரைண்டரையே முதலாக்கிப் பல பெண்கள் மாவு விற்கத் தொடங்கினர். வாங்குவோர் தூக்குவாளியைக் கொண்டுவந்து கரண்டிக் கணக்கில் வாங்கினர். பின்னர் இரப்பர் வளையமிட்ட பாலித்தீன் பை வந்தது. ஊறவைத்தல், ஆட்டல், கல் கழுவுதல் ஆகியவை கடைக்குச் சென்றன. ஊற்றுவதும் அவிப்பதும் வீட்டில் நின்றன. ஆகவே அது வீட்டுச் சமையல் என்ற பெயரை இழக்கவில்லை.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது மாவுக்கடைகள் நலிந்துபோகும் என்று எவரேனும் கருதியிருந்தால் அது பொய்த்தது. கிரைண்டர் வந்துசேர்ந்த வீடுகளும் மாவு வாங்கின. குறைவாக இருந்தது பொறியன்று, பொழுது. மின்வெட்டு மிகுந்திருந்த அவ்வாண்டுகளில் பொறியும் நினைத்த நேரத்தில் ஓடவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கருதவேண்டும்.

இரப்பர் வளையப் பையின் குறை தூய்மை பற்றிய ஐயமாகும். அதையே வாய்ப்பாக்கி, 2005இல் பி.சி. முஸ்தபாவும் உறவினர்களும் பெங்களூரில் 50 சதுர அடிச் சமையலறையில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனம், பெயர் பொறித்த பொட்டலத்தில் மாவு விற்றது. கடையில் வைத்த பின்னும் புளித்துக்கொண்டே இருந்து பையை உப்பச்செய்யும் உயிர்ப்பொருளாகிய மாவைக் குளிர்ச்சி குன்றாமல் நாள்தோறும் கடைகளுக்குச் சேர்ப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி. அரைப்பது அதற்கு அடுத்ததுதான்.

பெண்களின் கூலியற்ற உழைப்பாக இருந்தவரை எந்த அரசுக் கணக்கிலும் ஏறாத இட்லி மாவு, 2017 சூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் 18 விழுக்காட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐதராபாத்தில் கூடிய வரிக்குழு அதை 12 விழுக்காடாகக் குறைத்தது.