சுவர்கள் சொல்லும் கதை – 12: வெள்ளீயத்தில் விளைந்த ஒளி

18-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸில் ஒருவரின் வசதியைத் தெருவில் நின்று எடைபோட முடியாது. வெளிச்சுவர் அலங்காரமின்றி இருக்கும். வாசல் தாண்டி, முற்றம் கடந்து, வரவேற்பறைக்குள் கால் வைத்தால்தான் வீட்டுக்காரரின் செல்வமும் ரசனையும் தெரியும்.

அப்படியோர் அறை இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 1119, அதாவது கி.பி. 1707 என்ற ஆண்டு அதன் மரப்பலகையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. நுழைந்ததும் நீரூற்றுடன் தாழ்வான முன்பகுதி. அதற்கு ‘அதபா’ என்று பெயர். வளைவைக் கடந்து மேலேறினால் விருந்தினர் அமரும் ‘தஸர்’. சுற்றிலும் மாடங்கள், அலமாரிக் கதவுகள், தலைக்கு மேல் மரக்கூரை. எல்லாவற்றிலும் வண்ணம்.

இந்த வேலைப்பாட்டை ‘அஜமி’ என்கிறார்கள். ஜிப்சத்தூளைப் பசையில் குழைத்து, பூவும் கொடியும் புடைத்து நிற்கும்படி மரத்தின்மீது படியவைப்பார்கள். காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய வெள்ளீயத் தாளை ஒட்டி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறமெருகைப் பூசுவார்கள். மெருகுக்குள் புகும் வெளிச்சம் வெள்ளீயத்தில் பட்டுத் திரும்பும்போது நிறமே உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றும். சில இடங்களில் தங்கத்தாளும் உண்டு. பக்கத்திலேயே முட்டையில் குழைத்த வண்ணம் பளபளப்பில்லாமல் அமைதியாக நிற்கும். மினுக்கும் மங்கலும் அருகருகே இருப்பதால்தான் விளக்கொளியில் அந்தப் பூக்களுக்கு உயிர் வந்தது.

சுவர்களில் எழுதிய கவிதையும் தோட்ட வர்ணனையில்தான் தொடங்குகிறது. பிறகு நபிகள் நாயகத்தைப் போற்றி, வீட்டின் உறுதியையும் உரிமையாளரின் குணத்தையும் புகழ்கிறது. ஆனால் அந்த உரிமையாளரின் பெயர் அதில் எங்கும் இல்லை.

1930-களில் இந்த அறை வீட்டிலிருந்து கழற்றப்பட்டது; 1970-இல் ஹகோப் கெவோர்கியன் நிதியத்தின் கொடையாக அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்று பார்ப்பவருக்கு அதன் பல பகுதிகள் கரும்பழுப்பாகவே தெரியும். டமாஸ்கஸ்காரர்கள் இருட்டை விரும்பியதால் அல்ல. வீட்டில் இருந்த காலத்தில் அவ்வப்போது பூசிய வார்னிஷ் நாளடைவில் கறுத்து, அடியில் இருந்த நிறங்களை மூடிவிட்டது. அழகு கெடக்கூடாதென்று பூசியதே அழகை மறைத்தது. ஆகவே இந்த அறையைக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவது அந்தக் கைவினைஞர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் படைத்தது இருண்ட கூடமல்ல, ஒளி ததும்பிய தோட்டம்.

இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே அலெப்போவில் ஒரு கிறிஸ்தவ வணிகர் தம் வரவேற்பறைச் சுவர்களில் அன்னை மரியாளையும் லைலா-மஜ்னூனையும் சேர்த்தே வரையச் சொன்னார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)