லைசியம் இயக்கம்

லைசியம் இயக்கம் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பரவிய ஒரு முதியோர் கல்வி இயக்கம் ஆகும். ஊர்மக்கள் தாமே சங்கம் அமைத்து, சந்தா செலுத்தி, பொதுச் சொற்பொழிவுகளையும் விவாதங்களையும் நடத்தியதே இதன் அடிப்படை. கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பற்ற உழவர்கள், கைவினைஞர்கள், கடைக்காரர்கள் ஆகியோர் அறிவியலையும் வரலாற்றையும் நேரடியாகக் கேட்டறிய இது வழிசெய்தது. மேடையில் யார் பேசலாம், அவையில் யார் அமரலாம் என்ற கேள்விகள் அடிமை முறை பற்றிய பெரும் விவாதத்துடன் பின்னிப் பிணைந்திருந்தன.

பெயர்

பண்டைய ஏதென்சு நகரில் அரிசுட்டாட்டில் கற்பித்த இடத்தின் பெயர் லைசியம். அப்பெயரே இச்சங்கங்களுக்குச் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் சங்கத்தின் கூட்ட மண்டபமும் இப்பெயராலேயே அழைக்கப்பட்டது.

தோற்றம்

இவ்வியக்கத்தைத் தொடங்கியவர் ஜோசையா ஹோல்புரூக் (1788–1854). யேல் கல்லூரியில் பயின்ற இவர், கனிமவியலிலும் நிலவியலிலும் ஆர்வம் கொண்டு ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றியவர். 1826இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மில்பரி என்ற ஊரில், தம் உரையைக் கேட்ட உழவர்களையும் தொழிலாளர்களையும் கொண்டு முதல் லைசியத்தை நிறுவினார். பின்னர் சிற்றூர், மாவட்டம், மாநிலம், நாடு என்ற படிநிலைகளில் சங்கங்கள் அமைய வேண்டும் எனத் திட்டமிட்டார். 1831இல் நியூயார்க்கில் தேசிய அளவிலான அமைப்பு உருவானது. அது சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் ஊர்ச் சங்கங்கள் வேகமாகப் பெருகின. 1830களின் நடுப்பகுதியில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 3,000 எனக் கூறப்படுகிறது.

அமைப்பும் நடைமுறையும்

ஒவ்வொரு லைசியத்துக்கும் தலைவர், செயலர், பொருளாளர், பேச்சாளர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பாளர்கள் ஆகியோர் இருந்தனர். உறுப்பினர்கள் சிறு தொகையை ஆண்டுச் சந்தாவாகச் செலுத்தினர். நூல்கள், கனிமத் தொகுப்புகள், அறிவியல் கருவிகள் ஆகியவற்றை வாங்குவதும் சங்கத்தின் பணிகளாகக் கருதப்பட்டன. வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களிலேயே பெரும்பாலும் கூட்டங்கள் நடைபெற்றன.

தொடக்கத்தில் பேச்சாளர்களும் உள்ளூர் மக்களே. மருத்துவர், ஆசிரியர், மதகுரு போன்றோர் ஊதியமின்றிப் பேசினர். இன்று அவையில் அமர்ந்து கேட்டவர் மற்றொரு நாள் மேடையேறி விவாதிப்பதும் உண்டு. பின்னர் தொடருந்துப் பாதைகள் விரிவடைந்தபோது, வெளியூர்ப் பேச்சாளர்களைக் கட்டணம் கொடுத்து அழைக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

கான்கார்ட் லைசியம்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் நகரில் 1829இல் தொடங்கிய லைசியம் மிகவும் அறியப்பட்டது. ரால்ப் வால்டோ எமர்சன் இங்கு ஏறத்தாழ 100 முறை உரையாற்றினார். இவரது புகழ்பெற்ற கட்டுரைகள் பல முதலில் சொற்பொழிவுகளாக நிகழ்த்தப்பட்டவை.

ஹென்றி டேவிட் தோரோ இச்சங்கத்தின் பொறுப்பாளராகவும் பேச்சாளராகவும் இருந்தார். வரி செலுத்த மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்த தோரோ, அரசுடன் தனிமனிதனுக்குள்ள உறவு குறித்து 1848 சனவரியில் தம் ஊர்மக்கள் முன் உரையாற்றினார். அதுவே 1849இல் கட்டுரையாக வெளியாகி, பின்னர் 'ஒத்துழையாமை' பற்றிய கட்டுரையாக உலகப் புகழ் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி இதைப் படித்து, 1907இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அறிமுகப்படுத்தினார். அவருடைய சத்தியாக்கிரகப் போராட்டம் அதற்கு முன்னரே, 1906இல் தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சர்ச்சைகள்

கட்சி அரசியலையும் சமயப் பூசலையும் தவிர்ப்பதே பல லைசியங்களின் நோக்கமாக இருந்தது. அடிமை முறை பற்றிய பேச்சு இந்த நோக்கத்தைச் சோதனைக்கு உள்ளாக்கியது. அடிமை ஒழிப்புவாதியான வென்டெல் பிலிப்சை அழைப்பது குறித்து 1845இல் கான்கார்டில் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. எதிர்ப்புத் தெரிவித்த பொறுப்பாளர்கள் விலகினர். எமர்சன், தோரோ உள்ளிட்டோர் அவர்களுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிலிப்சு பேசினார்.

அதே காலத்தில் நியூ பெட்ஃபோர்டு நகர லைசியம் கறுப்பினத்தவருக்கு உறுப்புரிமை வழங்க மறுத்தது. இதனை அறிந்த எமர்சனும் சார்லசு சம்னரும் அங்கு பேச மறுத்துவிட்டனர். இம்முடிவை ஏற்காத நகரத்தார் தனியே மற்றொரு லைசியத்தைத் தொடங்கினர். பொதுக் கல்விக்கான அவை உண்மையில் யாருக்குப் பொதுவானது என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

பிற முக்கிய நிகழ்வுகள்

1838 சனவரி 27: இலினொய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு இளைஞர் லைசியத்தில் 28 வயதான ஆபிரகாம் லிங்கன் உரையாற்றினார். கும்பல் வன்முறை சட்டத்தின் ஆட்சியை அழித்துவிடும் என்பது அவ்வுரையின் மையக் கருத்து.

1877 பெப்ரவரி 12: சேலம் நகர லைசியம் மண்டபத்தில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியை இயக்கிக் காட்டினார். பாஸ்டனில் இருந்த அவரது உதவியாளர் வாட்சனின் குரலை அவையினர் கேட்டனர்.

சரிவு

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் இம்மேடை வணிகமயமானது. 1868இல் ஜேம்சு ரெட்பாத் பாஸ்டனில் ஒரு முகவர் நிறுவனத்தைத் தொடங்கி, மார்க் டுவெயின் போன்ற புகழ்பெற்றோரின் சுற்றுப்பயணங்களை ஒழுங்கு செய்தார். இதனால் சிற்றூர் மக்களுக்குப் பெரிய பேச்சாளர்கள் கிடைத்தனர். ஆயினும் உள்ளூர் மக்களே பேசி, விவாதித்துக் கற்கும் பழைய வழக்கம் குறைந்தது. உறுப்பினராக இருந்தவர் பார்வையாளராக மட்டும் ஆனார். 1874இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சட்டாக்குவா இயக்கம் இப்பணியை வேறு வடிவில் தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் திரைப்படமும் வானொலியும் பரவியபோது, ஊர் ஊராகச் செல்லும் சொற்பொழிவுகளின் செல்வாக்கு வெகுவாகக் குறைந்தது.

இவற்றையும் பார்க்க

ரால்ப் வால்டோ எமர்சன்
ஹென்றி டேவிட் தோரோ
முதியோர் கல்வி
சத்தியாக்கிரகம்