எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு: தமிழ்நாட்டு அரசலுவலகக் கணினி ஆவணங்களின் இடப்பெயர்ச்சி (1999–2018)

ஆய்வுச்சுருக்கம்

அரசலுவலகம் ஒன்று பழைய மென்பொருளைக் கைவிட்டு, பலர் ஒரே கோப்பில் ஒருங்கே பணியாற்றும் இணையவழித் தளத்திற்கு மாறுவது பெரும்பாலும் தொழில்நுட்பச் செய்தியாகவே நோக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அம்மாற்றம் எழுத்துக் குறியாக்கத்தின் மாற்றமாகவும் அமைந்தது. 1999ஆம் ஆண்டின் தமிழ்க் குறியாக்கத் தர அறிவிப்பு முதல் 2018இல் பதிவுத்துறையின் புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, குறியாக்கம், விசைப்பலகை, பழங்கோப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் இடம்பெயர்ந்தன என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. மூன்றாவதாகிய பழங்கோப்பே வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது. காக்கும் பொறுப்பு வரையறுக்கப்படாவிடில் முதலில் அழியக்கூடியதும் அதுவே.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, எழுத்துரு, குறியாக்கம், தமிழ் 99, பதிவுத்துறை, ஆவணக் காப்பு

முன்னுரை

தமிழ்நாட்டு அரசின் கணினிமயமாக்க வரலாற்றில் பங்குபெற்ற முதன்மை நிறுவனங்கள் சில, சென்னையின் தென்பகுதியில் ஒன்றுக்கொன்று அணித்தாக அமைந்துள்ளன. தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்), கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையில் தமிழ் இணையக் கல்விக்கழகம், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர் இராஜாஜி பவனில் தேசிய தகவலியல் மையம், மயிலாப்பூர்ப் பகுதியின் சாந்தோம் நெடுஞ்சாலையில் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம் ஆகியன அவை. முதலாவது கணினிகளைக் கொள்முதல் செய்தது. இரண்டாவது தமிழ்க் கணிமைக்கான கருவிகளை வழங்கியது. மூன்றாவது அரசுக்கான மென்பொருளை உருவாக்கியது. நான்காவது மக்களின் சொத்துரிமைப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுசென்றது. இந்நான்கு பணிகளும் ஒரே வினாவைச் சார்ந்திருந்தன: கணினியின் நினைவகத்தில் தமிழ் எழுத்து எந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது?

8 பிட் எழுத்துருக்களின் காலம்

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் வழித் தமிழ் அலுவல் மொழியானபின், அலுவலகத் தமிழின் முதன்மைக் கருவியாக விளங்கியது தட்டச்சுப்பொறி. 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 உயிர்மெய்களின் வடிவை மாற்றி, அச்சிலும் தட்டச்சிலும் தேவைப்படும் வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது இத்தட்டச்சு மரபே அதற்கு வழிகாட்டியது.

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்த இடங்கள் 256 மட்டுமே. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. எந்த இடத்தில் எந்த வடிவம் அமைய வேண்டும் என்பதை ஒவ்வொரு மென்பொருள் உருவாக்குநரும் தாமே முடிவுசெய்தார். இதனால் ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலாகத் தோன்றியது. கடிதத்தைத் தாளில் அச்சிட்டு அனுப்பும்வரை இக்குறை பெரிதாகப் புலப்படவில்லை. தாள் எல்லோருக்கும் பொதுவானது. அதை வாசிக்க எழுத்துரு தேவையில்லை. கோப்பையே அனுப்பும் நிலை வந்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. ஓர் ஆவணத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் இன்றைய நடைமுறை இக்குறியாக்கக் குழப்பத்தின் மீது இயங்கவே இயலாது.

1999: முதல் தரப்பாடு

இக்குழப்பத்தைத் தீர்க்கும் நோக்கில் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அதில் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னணிப் பங்காற்றினார். அதன் தொடர்ச்சியாக 'டாம்' என்னும் ஒருமொழிக் குறியாக்கம், 'டாப்' என்னும் இருமொழிக் குறியாக்கம், 'தமிழ் 99' விசைப்பலகை ஆகியவற்றை அரசு தரமாக அறிவித்தது. இருமொழிக் குறியாக்கம் ஆங்கில எழுத்துகளை அவற்றின் இயல்பான இடத்திலேயே விட்டு, மேற்பாதி இடங்களில் தமிழை அமைத்தது.

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தும் 1999இல் 8 பிட் தரம் தேர்ந்தெடுக்கப்பட்டது பிற்போக்கான முடிவு என்று கருதப்படலாம். அக்கருத்து காலச்சூழலைக் கணக்கில் கொள்ளாதது. விண்டோஸ் இயக்குதளங்களில் ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்த முதற்பதிப்பு விண்டோஸ் 2000 ஆகும். மாநாடு கூடிய நாளில் அரசு மேசைகளிலிருந்த கணினிகளில் ஒருங்குறித் தமிழை எழுத வழியில்லை. ஆகவே 1999ஆம் ஆண்டின் முடிவு அன்றைய கருவிக்குப் பொருந்தியதே. கருவி ஓராண்டிலேயே மாறத் தொடங்கியதும், அலுவலகங்கள் அதே வேகத்தில் மாறாததுமே சிக்கலுக்குக் காரணங்கள்.

எல்காட்டின் திறமூல முயற்சி

2006–2008 காலத்தில் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் பணிகளைச் சூசி லினக்ஸ் இயக்குதளத்திற்கும் ஓப்பன் ஆபிஸ் மென்பொருளுக்கும் மாற்ற முனைந்தார். அரசு நிறுவனம் ஒன்று உரிமக் கட்டணமுள்ள மென்பொருளிலிருந்து திறமூலத்திற்கு நகர்ந்த நிகழ்வாகவே இது பரவலாகப் பேசப்பட்டது. குறியாக்க நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. பழைய தமிழ் எழுத்துருத் தொகுப்புகளும் விசைப்பலகை இயக்கிகளும் பெரும்பாலும் விண்டோஸைச் சார்ந்து உருவானவை. இயக்குதளத்தை மாற்றினால் அவற்றின் துணை அற்றுப்போகும். ஒருங்குறியே இயல்பான வழியாகும். ஆயினும் ஒரு நிறுவனம் ஒருங்குறிக்கு மாறுவதனால் அதனோடு கடிதத் தொடர்புகொள்ளும் பிற துறைகள் மாறிவிடுவதில்லை. பொதுவான ஆணை ஒன்று தேவைப்பட்டது.

2010: ஒரே ஆணையில் இரு தரங்கள்

அவ்வாணை, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 அன்று தகவல் தொழில்நுட்பத்துறையின் வழி வெளிவந்தது. ஒருங்குறியைத் தரமாக ஏற்ற அவ்வாணை, ஒருங்குறி முழுமையாக இயங்காத இடங்களுக்கு 'டேஸ் 16' என்னும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை மாற்றுத் தரமாக அறிவித்தது.

இரண்டாம் தரத்தை வேண்டியோரின் வாதம் மொழியியல் அடிப்படை உடையது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கத்தைப் பின்பற்றி, அகரமேறிய மெய்யை அடிப்படையாகக் கொள்கிறது. 'க' ஒரு குறி. 'க்' இரு குறிகள். தொல்காப்பியம் முதலாக மெய்யைத் தனியெழுத்தாகக் கொள்ளும் இலக்கண மரபுக்கு இது முரணானது. மேலும் ஒருங்குறி அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன'வும், 'ர'வுக்கு அடுத்து 'ற'வும், 'ல'வுக்கு அடுத்து 'ள', 'ழ' என்பனவும் அமைந்துள்ளமையால், குறியெண் வரிசை தமிழ் அகரவரிசையோடு பொருந்துவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறி வழங்கிய டேஸ் 16 இவ்விரு குறைகளையும் நீக்கியது.

ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைக்கப்பட்டது. தனிப்பயன் பகுதியின் குறிகளுக்கு உலகப் பொதுவான பொருள் இல்லை. தேடுபொறியும் கைப்பேசியும் அயல்நாட்டு மென்பொருளும் அவற்றைத் தமிழாக அறியா. வகைப்படுத்தலில் உள்ள குறையை மென்பொருளின் வரிசையாக்க விதிகளால் சரிசெய்ய முடியும். பொதுமையின்மையை எந்த விதியாலும் சரிசெய்ய இயலாது. இலக்கணச் செம்மையைக் காட்டிலும் பிறரோடு பகிரும் தன்மையே கூட்டுப்பணிக்கு முதன்மையானது. நடைமுறை வழக்கு ஒருங்குறியின் பக்கமே நின்றதற்கு இதுவே காரணம்.

விசைப்பலகையும் தேர்வும்

குறியாக்கம் ஆணையால் மாறியது. விரல்களின் பழக்கம் அவ்வாறு மாறவில்லை. தமிழ் 99 உயிர்களை ஒருபுறமும் மெய்களை மறுபுறமும் அமைத்தது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே அமையும். கற்பதற்கு எளிதாயினும் அது அலுவலகங்களில் தட்டச்சு அமைப்பை முற்றிலும் அகற்றவில்லை. இதனைப் பணியாளரின் தயக்கமாக மட்டும் விளக்குவது பொருந்தாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வின் தேர்ச்சியைத் தகுதியாகக் கொண்டுள்ளது. அத்தேர்வுக்காகவே பயிலகங்கள் தட்டச்சுப்பொறி அமைப்பைக் கற்பித்தன. பணிக்கு வருவோரின் பயிற்சி ஓர் அமைப்பிலும், பணியிடத்தின் தரம் மற்றோர் அமைப்பிலும் இருக்கும்வரை இடப்பெயர்ச்சி முழுமையடையாது. ஒருங்குறிக்கான மென்பொருள்கள் தட்டச்சு அமைப்பையும் உடன் வழங்கியமையே நடைமுறைத் தீர்வாயிற்று.

பழங்கோப்புகளின் மாற்றம்

தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கி, குறியாக்க மாற்றி ஆகியவற்றை இலவசமாக வழங்கிவருகிறது. மாற்றியின் பணி ஒரு குறிக்கு மறு குறியை இடுவதோடு முடிவதில்லை. பழைய எழுத்துருவில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னும் வரும். எனவே மாற்றி வரிசையையும் திருப்ப வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ஔகாரத்தில் உண்டு. ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கக் குறி ளகரத்தின் வடிவத்தை ஒத்தது. தட்டச்சு மரபில் ளகரமே அவ்விடத்தில் இடப்பட்டது. மாற்றியோ தட்டச்சரோ வேறுபாட்டை அறியாதபோது 'கௌரி' என்னும் பெயர் 'கெளரி' எனப் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. இருமொழித் தரம் பின்பற்றப்படாத தரவுத்தளங்களில் மற்றோர் இடர் உண்டு: எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி ஆங்கிலம் என்பதை எழுத்துருக் குறிப்பே உணர்த்தும்; அக்குறிப்பு நீங்கினால் இரண்டையும் பிரித்தறிவது அரிது.

பதிவுத்துறை: பெயரும் உரிமையும்

இவ்விடர் மொழியியல் ஆர்வத்திற்கு மட்டும் உரியதன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஆவணம் எழுதிக்கொடுப்போர், பெறுவோர் பெயர்களுக்கு ஓர் அட்டவணையும் சொத்து விவரங்களுக்கு மற்றோர் அட்டவணையும் பேணுமாறு விதிக்கிறது. வில்லங்கச் சான்று இத்தகைய தேடலின் பயனே. தமிழ்நாட்டுப் பதிவுத்துறை 2000ஆம் ஆண்டு 'ஸ்டார்' திட்டத்தின் வழி சார்பதிவாளர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் இணையவழிப்பட்ட 'ஸ்டார் 2.0' நடைமுறைக்கு வந்தது. அலுவலகந்தோறும் தனித்திருந்த பதிவு ஒரே தளத்தின் பகுதியாயிற்று.

இவ்வகை மாற்றத்தில் புதிய ஆவணங்கள் முதலிலிருந்தே பொதுக் குறியாக்கத்தில் பிறக்கின்றன. பழைய ஆவணங்கள் மாற்றப்பட்டே வந்து சேர்கின்றன. சொத்து விவரத்தைக் கொண்டு தேடும்போது எண்கள் துணைசெய்யும். பெயரைக் கொண்டு தேடும்போது ஓர் உயிர்க்குறியின் பிழைகூட ஓர் ஆவணத்தைத் தேடலுக்கு வெளியே நிறுத்தக்கூடும். ஆவணம் இருக்கும், ஆனால் அகப்படாது. குடிமகனுக்கு இவ்விரண்டிற்கும் இடையே பயனளவில் வேறுபாடில்லை.

ஏட்டுச்சுவடியோடு ஓர் ஒப்பீடு

தமிழ் நூல்கள் இதற்கு முன்பும் ஓர் இடப்பெயர்ச்சியைக் கண்டன. 1943இல் நிறுவப்பட்டு இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே. சாமிநாதையர் நூலகம் அதன் சான்று. ஏட்டில் மெய்களுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒத்திருந்தன. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் யாப்பு, பொருள், பிற சுவடிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்தனர். மூலச்சுவடியையும் காத்தனர். பதிப்பில் ஐயம் எழுந்தால் ஏட்டுக்குத் திரும்ப முடிந்தது.

குறியாக்க மாற்றியும் ஒருவகையில் பதிப்பாசிரியரின் பணியையே செய்கிறது. ஆனால் அதன் முடிவுகளுக்குப் பாடவேறுபாட்டுக் குறிப்பு இல்லை. மாற்றியபின் மூலக்கோப்பு நீக்கப்பட்டால் திரும்பிச் செல்ல ஏடும் இல்லை. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, காக்கப்படும் மின்னணு ஆவணம் பிற்காலப் பார்வைக்குப் பயன்படும் வகையில் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், அது மூல வடிவிலோ மூலத்தைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எழுத்துரு இன்றிக் கிடக்கும் கோப்பு முதல் நிபந்தனையை நிறைவுசெய்யாது. சரிபார்க்கப்படாத மாற்றம் இரண்டாவதை நிறைவுசெய்யாது.

முடிவுரை

இந்த இடப்பெயர்ச்சியின் மூன்று கூறுகளுள் குறியாக்கம் ஆணையால் நகர்ந்தது. விசைப்பலகை பயிற்சியாலும் தேர்வு விதியாலும் தளைப்பட்டு மெல்ல நகர்ந்தது. பழங்கோப்பு தனிப்பட்ட முயற்சி இன்றித் தானே நகராது. தேசிய தகவலியல் மையத்தின் மின் அலுவலகம் போன்ற தளங்களில் இன்று கோப்புகள் ஒருங்குறியில் உருவாகின்றன. 1990களும் 2000களின் முற்பகுதியும் அவ்வாறல்ல. தமிழ் அலுவல் மொழியாகக் கணினியில் கால்கொண்ட அக்காலத்தின் வரைவுகளும் குறிப்புகளும் தாளில் எஞ்சியவை தவிர, தனித்தனி எழுத்துருக்களைச் சார்ந்தே உள்ளன.

ஆகவே புதிய மென்பொருள் இயங்கத் தொடங்கிய நாளை இடப்பெயர்ச்சி முடிந்த நாளாகக் கொள்வது பொருந்தாது. மூலக்கோப்பு, அதற்குரிய எழுத்துரு, பயன்படுத்திய மாற்றியின் விவரம் ஆகிய மூன்றையும் மாற்றப்பட்ட ஆவணத்தோடு சேர்த்துக் காப்பதே சுவடிப்பதிப்பு மரபு கற்பிக்கும் நெறி. அவ்வாறு காக்கப்படின், அக்காலத் தமிழ்நாட்டு ஆட்சியை ஆராய வரும் வரலாற்றாய்வாளர் ஐயம் எழுந்தவிடத்து மூலத்திற்குத் திரும்ப இயலும். இல்லையேல் மாற்றியின் பிழையே அவருக்குச் சான்றாக எஞ்சும்.