டவரா பெருசா, டம்ளர் பெருசா? குட்டீஸுக்குக் கொள்ளளவு சொல்லிக்கொடுக்க கிச்சனே போதும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. நங்கநல்லூரில் அக்கா வீடு. எங்களுக்கு ஃபில்டர் காபி, குட்டீஸ் ரெண்டு பேருக்கும் பால். தம்பிக்கு உயரமான ஒல்லி டம்ளர், யு.கே.ஜி படிக்கிற அக்கா பொண்ணுக்கு அகலமான கப். அவ்வளவுதான், ஆரம்பிச்சது பஞ்சாயத்து.

"சித்தி, அவனுக்கு மட்டும் நிறைய ஊத்திட்டீங்க!"

ரெண்டு பேருக்கும் ஒரே கரண்டியால் அளந்து ஊற்றியதை அவளே பக்கத்தில் நின்று பார்த்தாள். தம்பியோட பாலை அவ கப் மாதிரியே இருந்த இன்னொரு கப்பில் ஊற்றிக் காட்டினேன். "ம்ம்... இப்ப சரி." திரும்ப ஒல்லி டம்ளருக்கு மாற்றினேன். "பாருங்க, மறுபடியும் அவனுக்கு நிறைய ஆயிடுச்சு!"

இது அடமும் இல்லை, பொறாமையும் இல்லை. அந்த வயசுக் கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரியுது. எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதை, அதாவது கொள்ளளவை, குழந்தைகள் எப்படிக் கத்துக்கறாங்க? நாம எப்படிக் கைகொடுக்கலாம்? பார்க்கலாம் வாங்க.

உயரம்தான் முதல்ல கண்ணில் படும்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே (1896–1980), எங்க வீட்டில் நடந்த இதே கூத்தைத்தான் ஒரு சோதனையாகச் செய்தார். ஒரே மாதிரியான ரெண்டு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர். குழந்தை "ரெண்டும் ஒண்ணு" என்று சொன்ன பிறகு, ஒன்றிலுள்ள தண்ணீரைக் குழந்தையின் கண்ணெதிரே ஒல்லியான, உயரமான டம்ளரில் ஊற்றுவார். இப்போது எதில் நிறைய? சுமார் 7 வயதுக்குக் கீழே உள்ள பல குழந்தைகள் உயரமான டம்ளரைத்தான் காட்டினார்கள்.

காரணம் இதுதான். உயரம், அகலம் என இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துப் பார்க்க அந்த வயதில் கஷ்டம். ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் மேலே ஏறினால் நிறைய, அவ்வளவுதான் கணக்கு.

பெரியவர்களுக்குமே அகலத்தின் பலம் சட்டென்று பிடிபடாது. வட்டமான பாத்திரம் ஒன்றின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், அதே உயரத்தில் அது 4 மடங்கு பிடிக்கும். குட்டையான குண்டான் உயரமான சொம்பை ஜெயிப்பது இப்படித்தான்.

'பெருசு' என்ற வார்த்தைதான் வில்லன்

நாம கேட்கிற கேள்வியே பல நேரம் குழப்பம். "எது பெருசு?" என்றால் குழந்தை என்ன நினைக்கும்? உயரமா இருக்கிறதா, குண்டா இருக்கிறதா, கனமா இருக்கிறதா? எல்லாத்துக்குமே நாம 'பெருசு'ன்னுதான் சொல்றோம். இந்தக் கட்டுரையின் தலைப்பே தப்பான கேள்விதான்!

"எதுல நிறைய பிடிக்கும்?" என்று கேளுங்க. 'பிடிக்கும்' என்ற அழகான வார்த்தை நம்மகிட்ட இருக்கு. "இந்தக் குடம் எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்கும்போது உயரம், அகலம் எல்லாம் பின்னாடி போய், உள்ளே இருக்கிற இடம் மட்டும் முன்னாடி வருது. 'உயரம்', 'அகலம்', 'நிறைஞ்சிடுச்சு', 'பாதி', 'வழியுது' என்ற வார்த்தைகளையும் தனித்தனியாகப் பழக்குங்க.

நாலே படிகள்

*1. நேரா ஊத்திப் பார்க்கிறது (3–4 வயது)*

டவரா, டம்ளர் செட்டை எடுங்க. முதலில் கணிக்கச் சொல்லுங்க: "டம்ளர் நிறைய தண்ணியை டவராவுல ஊத்தினா என்ன ஆகும்? வழியுமா, சரியா இருக்குமா, இடம் மிச்சம் இருக்குமா?" பதில் எதுவானாலும் "சரி, பார்த்துடலாம்" என்று மட்டும் சொல்லுங்க. ஊற்ற வேண்டியது குழந்தை. வழிந்தால் டம்ளரில் அதிகம் பிடிக்கும். இடம் மிச்சம் இருந்தால் டவராவில் அதிகம் பிடிக்கும். தீர்ப்பு சொல்றது தண்ணீர், நாம இல்லை.

*2. நடுவுல ஒரு நாட்டாமை (4–5 வயது)*

ஒரு சொம்பு, ஒரு பாட்டில். பாட்டிலின் வாய் குறுகல், நேரா ஊற்ற முடியல. அப்போ மூன்றாவதா ஒரு பெரிய பாத்திரம் கொண்டு வாங்க. சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் வெளிப்பக்கம் ஒரு ஸ்டிக்கர். காலி பண்ணிட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி இன்னொரு ஸ்டிக்கர். எந்த ஸ்டிக்கர் மேலே இருக்கு? பாத்திரம் ஒண்ணேதான் என்பதால் இங்கே மட்டும் உயரத்தை நம்பலாம். வெளியே தெரியும்படியான பிளாஸ்டிக் டப்பா பெஸ்ட்.

*3. எத்தனை டம்ளர்? (5–6 வயது)*

குக்கர் நிறைய எத்தனை டம்ளர் வேணும்? டிபன் பாக்ஸ் நிறைய எத்தனை? எண்ணி, ஒரு தாளில் கோடு கோடாகப் போடச் சொல்லுங்க. இங்கே இரண்டு விதிகள் முக்கியம். கடைசி வரைக்கும் ஒரே டம்ளர்தான். ஒவ்வொரு முறையும் முழுசா நிரப்பணும். அடுத்து அதே குக்கரை சின்ன டம்ளரால் அளங்க. எண்ணிக்கை கூடும். "குக்கர் மாறல, நம்பர் ஏன் மாறுச்சு?" இந்த ஒரு கேள்விக்கு குழந்தை யோசிச்சுப் பதில் சொல்லிட்டா, அளவையின் பாதி பாடம் முடிஞ்சுது.

*4. லிட்டர் வருது (7–8 வயது)*

உன் டம்ளர் வேற, என் டம்ளர் வேற என்றால் கடையில் எப்படிப் பால் வாங்குவது? அதுக்குத்தான் எல்லாருக்கும் பொதுவான லிட்டர். அரை லிட்டர் பால் பாக்கெட், 1 லிட்டர் தண்ணி பாட்டில், 3 லிட்டர், 5 லிட்டர் குக்கர், 20 லிட்டர் கேன்னு வீட்டிலேயே வரிசையா இருக்கு. ஒவ்வொன்றிலும் அச்சிட்ட அளவைத் தேடிப் படிக்கச் சொல்லுங்க. 200 மி.லி டம்ளர் என்றால் ஒரு லிட்டருக்கு 5, ஒரு கேனுக்கு 100!

பாட்டியோட படியை வெளியே எடுங்க

மேல்தட்டிலோ அரிசி டிரம்முக்குள்ளேயோ ஒரு ஆழாக்கு, ஒரு படி இருந்தா உங்களுக்கு ஜாக்பாட். நம்ம பழைய முகத்தல் அளவைகள் இரட்டிப்பாகவே போகும். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி. அதாவது 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 'முகத்தல்' என்றால் மொண்டு எடுக்கிறது. பெயரிலேயே செய்முறை இருக்கு.

அரிசியை வைத்து அளக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கு. கோபுரமா குவித்து அளந்தால் ஒரு அளவு, விரலால் தலைதட்டி அளந்தால் வேற அளவு. 'நிறைய' என்றால் எதுவரைக்கும் என்று முன்னாடியே பேசி வைக்கணும். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறவும் செய்தது. இந்தியா 1956-ல் அளவைகளுக்குச் சட்டம் கொண்டுவந்து, படிப்படியாக லிட்டருக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். டம்ளர் சண்டையைத்தான் நாடே ஒரு நாள் தீர்த்துக்கொண்டது.

சென்னைப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடம் இல்லை

2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, நகரமே கலர் கலர் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 200-க்கும் மேல்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் இதைக் கதையாகச் சொல்லுங்க. ரயில், லாரி, மொட்டை மாடித் தொட்டி, குடம், டம்ளர் என்று இறங்கி வந்தால், ஒரு டம்ளர் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதும் சேர்ந்தே புரியும். அதனால் இந்த விளையாட்டுக்கு நல்ல தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரோ, அரிசி கழுவின தண்ணீரோ போதும். கீழே ஒரு பெரிய தாம்பாளம் வைங்க. முடிஞ்சதும் எல்லாம் செடிக்கு.

நாமளே கோட்டை விடுற இடம்

ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்து கொடுப்பது பெரியவர்களே செய்கிற தப்பு. 200 மி.லி-க்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால் குழப்பம் ஈஸியாக வரும். தண்ணீர் குறைந்தால் உப்பு அடர்த்தியாகி, வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு ஆபத்தாகவே முடியலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படித்து, அந்த அளவுத் தண்ணீரை அளந்தே எடுங்க.

சிரப்பும் அப்படித்தான். 5 மி.லி என்று டாக்டர் எழுதினால் கிச்சன் ஸ்பூனை எடுக்காதீங்க. ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோதான் சரி. பச்சைத் தண்ணீரை வைத்து உங்க வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் எத்தனை மி.லி என்று குட்டீஸோடு சேர்ந்து அளந்து பாருங்க. அடுத்த முறை ஸ்பூனை எடுக்கக் கை கூசும்.

இதெல்லாம் கவனிங்க

* தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீங்க. "ஊத்திப் பார்க்கலாமா?" போதும்.

* ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காதீங்க. 1974-ல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் வரிசையாக அடுக்கிய பொருள்களை வைத்துச் சோதித்தபோது, இரண்டு முறை கேட்டதைவிட ஒரே முறை கேட்டபோது குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். மறுபடி கேட்டால் "முதல்ல சொன்னது தப்பு போல" என்று பதிலை மாற்றிவிடுவார்கள்.

* உயரமும் குட்டையும் கலந்த பாத்திரங்களாக எடுங்க. எப்பவும் உயரமானதே ஜெயித்தால், தப்பான பாடம் மனசில் பதிஞ்சிடும்.

* 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பருப்பு, கடலை மாதிரி சின்னப் பொருள்களைக் கொடுக்காதீங்க. வாயில் போட்டால் அடைச்சிடும். தண்ணி பக்கெட் பக்கத்தில் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது.

* 10 நிமிஷம் போதும். சலிச்சா நிறுத்திடுங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்றைக்கு அக்கா வீட்டில் டம்ளர் தண்ணீர் முழுக்க டவராவுக்குள் போய், மேலே இன்னும் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. அவளால் நம்பவே முடியல. திரும்பத் திரும்ப நாலு தடவை ஊத்திப் பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்த சொம்பு, கிண்ணம், டிபன் பாக்ஸ் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

மறுநாள் காலையில் அக்கா போன் பண்ணாள். "இன்னிக்கும் அந்த ஒல்லி டம்ளர்தான் வேணும்னு அழறா."

இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடுகிற விஷயம் இல்லை இது. ஊத்தி ஊத்தித்தான் வரும். "ஆனா ஒண்ணு" என்றாள் அக்கா. "குடிக்கறதுக்கு முன்னாடி, தம்பி பாலை ஒரு தடவை டவராவுல ஊத்திப் பார்த்துட்டுதான் குடிச்சா."