வடிவமைப்பில் துறை அறிவு

பொறியியல் வடிவமைப்பாளரின் துறை அறிவு அவருக்குத் துணையாகவும் தடையாகவும் அமையக்கூடியது. அனுபவமுள்ளவர் ஒரு யோசனையைச் செயல்படுத்தும் முன்பே அது தேறுமா என்று எடைபோட்டுவிடுகிறார். புதியவர் செய்து பார்த்துத்தான் திருத்துகிறார். பட்டறையில் அனுபவசாலியின் இந்தத் திறன் பெரிய லாபம். ஆனால் தெரிந்த தீர்வே கண்ணை மறைப்பதும் உண்டு. இதற்கு ‘வடிவமைப்பு நிலைப்பு’ என்று பெயர். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதன் முக்கியச் சான்று. அதில் ஒரு பணியில், சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டும். உறிஞ்சுகுழல் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும், குழல் வைத்த மாதிரிப் படத்தைப் பார்த்த பொறியியல் மாணவர்கள் பலர் குழலையே வரைந்தார்கள். வேறொரு பணியில், தொழில்முறைப் பொறியாளர்களும் மாதிரியின் குறைகளைத் தங்கள் வரைவுகளில் அப்படியே கொண்டுவந்தார்கள்.