பக்கத்துக் கிணறும் நம் கிணறும்



பக்கத்துத் தோட்டக்காரர் ஆழமாக ஒரு கிணறு வெட்டுகிறார். கொஞ்ச நாளில் உங்கள் கிணறு வற்றிப்போகிறது. யாரிடம் போய் முறையிடுவீர்கள்? அமெரிக்காவிலே, டெக்சாஸ் மாநிலத்திலே, இது பெரிய வழக்காகவே நடந்தது.

டெனிசன் என்ற ஊரில் ஈஸ்ட் என்பவருக்கு வீட்டுக் கிணறு ஒன்று இருந்தது. 5 அடி அகலம், 33 அடி ஆழம். 1901-ம் ஆண்டு ஒரு ரயில் கம்பெனி பக்கத்திலேயே 20 அடி அகலம், 66 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டியது. நீராவி எஞ்சினுக்கும் பட்டறைக்குமாகத் தினம் 25,000 காலன் இறைத்தது. ஈஸ்டின் கிணறு காய்ந்துவிட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்.

1904-ல் மாநில உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. தன் நிலத்துக்கடியில் கிடைக்கும் தண்ணீரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். வேண்டுமென்றே கெடுதல் செய்தாலோ வீணடித்தாலோ தவிர, பக்கத்துக்காரரின் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பில்லை. பூமிக்கடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததற்கு எப்படிச் சட்டம் போடுவது என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் காலத்துக்கு அது சரியாக இருக்கலாம். இன்றைக்கு நீர்மட்டத்தை அங்குலக் கணக்கில் அளக்கிறோம். ஆனால் டெக்சாஸில் அந்தச் சட்டத்தின் அடிப்படை இன்னும் மாறவில்லை.

அதன் பலன் அதே மாநிலத்தின் வடமேற்குச் சமவெளியில்தான் முழுசாகத் தெரிந்தது. அங்கே பூமிக்கடியில் ஓகலாலா என்ற பெரிய நீர்ப்படுகை இருக்கிறது. தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை 8 மாநிலங்களுக்கு அடியில், சுமார் 4½ லட்சம் சதுர கிலோமீட்டர். ராக்கி மலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்து போட்ட மணலும் சரளையும்தான் இந்தப் படுகை. அதற்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த தண்ணீர் நிற்கிறது. ஆனால் தெற்குப் பகுதியில் பல இடங்களில் மழையால் திரும்ப ஊறுவது ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. பாட்டன் குதிரில் கொட்டி வைத்த தானியம் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும்.

ஆரம்பத்தில் காற்றாலை வைத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். ஆடு மாடு குடிக்கும், வீட்டுத் தோட்டம் பாயும், அவ்வளவுதான். 1930-களில் மழை பொய்த்து, உழுத மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்து, லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டே போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆழத்திலிருந்து இறைக்கும் பம்பும், மலிவான எரிவாயுவும் வந்தன. 1952-ல் ஃபிராங்க் சைபாக் என்ற விவசாயி ஒரு பாசன யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கிணற்றை நடுவில் வைத்து, சக்கரத்தின்மேல் நிற்கும் நீளக் குழாய் கடிகார முள் மாதிரி தானே சுற்றிக்கொண்டு தண்ணீர் தெளிக்கும். ஒரு சுற்றில் சுமார் 130 ஏக்கர்! மடை திருப்ப ஆள் வேண்டாம். வறண்ட பூமி மக்காச்சோளக் காடாயிற்று. அதைத் தின்னப் பெரிய பெரிய மாட்டுப் பட்டிகளும் வந்தன.

நீர்மட்டம் இறங்காமல் இருக்குமா? டெக்சாஸில் சில இடங்களில் 150 அடிக்கு மேல் இறங்கியிருக்கிறது. பாசனத்தை விட்டுவிட்டு மானாவாரிக்கே திரும்பியவர்கள் உண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் சிக்கனமாகட்டும் என்று கான்சாஸ் மாநிலத்தில் அரசு மானியம் கொடுத்து, பயிருக்கு அருகில் தாழ்வாகத் தெளிக்கும் குழாய்களை மாட்டச் செய்தது. ஆராய்ந்து பார்த்தால் தண்ணீர் எடுப்பது குறையவில்லை, கூடத்தான் கூடியிருந்தது. மிஞ்சின தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் நிலம், இன்னும் தண்ணி கேட்கிற பயிர் என்று போய்விட்டார்கள். நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு எடுப்பது என்று கருவி சொல்லாதுங்களே.

அதை விவசாயிகளே சொன்ன இடமும் கான்சாஸில்தான் இருக்கிறது. வடமேற்கில் ஷெரிடன் வட்டாரத்தில் சுமார் 99 சதுர மைல் பகுதி. அங்கே தண்ணீர் எடுக்க அனுமதி வழங்கும் சட்டம் 1945 முதலே உண்டு. அனுமதியையோ ஊற்றுக்கு மேல் கொடுத்து வைத்திருந்தார்கள். நீர்மட்டம் இறங்குவதைக் கண்டு விவசாயிகள் பல கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் 20 சதவீதம் குறைப்பது என்று தீர்மானித்தார்கள். ஏக்கருக்கு 5 ஆண்டுக்கு 55 அங்குலம். காய்ச்சல் வருஷம் கூட எடுக்கலாம், மழை வருஷம் மிச்சம் பிடிக்கலாம். 2013-ல் அரசு உத்தரவாகவே வந்தது.

ஐந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் இறைப்பு 31 சதவீதம் குறைந்திருந்தது! மக்காச்சோளத்தைக் கொஞ்சம் குறைத்து, சோளம், கோதுமை போட்டார்கள். மண்ணின் ஈரம் பார்த்த பிறகே பம்பைப் போட்டார்கள். மகசூல் சற்று இறங்கினாலும் இறைப்புச் செலவு குறைந்ததால் லாபம் அடிபடவில்லை.

2018-ல் சுற்று வட்டாரங்களுக்கும் கட்டுப்பாடு வந்தபோது சில விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை தீர்ப்பு கட்டுப்பாட்டின் பக்கம். ஷெரிடன்காரர்கள் தங்கள் ஏற்பாட்டை 2018-லும் 2023-லும் நீட்டித்துக்கொண்டார்கள். அங்கே நீர்மட்டம் இறங்குவது நின்றுவிடவில்லை, வேகம் குறைந்திருக்கிறது.